நுவரெலியாவுக்குப் பதினெட்டு வளைவு

காலை 4.50, தேனி

வெளிநாட்டுப் பயணம் எழுதுகிறவர்கள் வழக்கமாக விமான நிலையத்தில் தொடங்குவார்கள். நான் தேனி பேருந்து நிலையத்தில், கம்பம் போகும் பேருந்தின் கடைசி இருக்கையில், மடியில் ஓரடி நீளமுள்ள நாலு இன்ச் பி.வி.சி. குழாயைக் கைக்குழந்தை மாதிரி கிடத்திக்கொண்டு தொடங்குகிறேன்.

போகவேண்டிய ஊர் இலங்கையில் இருக்கும் நுவரெலியா. இன்றைக்குப் போய்க்கொண்டிருப்பது சின்னமனூருக்கு. இருபத்துநாலு கிலோமீட்டர், டிக்கெட் இருபத்தைந்து ரூபாய்.

"என்னண்ணே, மோட்டார் ரிப்பேரா?" என்றார் நடத்துநர். தேனியில் பம்புசெட் கடை வைத்திருப்பவன் குழாயோடு ஏறினால் வேறு என்ன கேட்பார்?

"இல்லப்பா. கோல்ஃப் வெளாடப் போறோம்."

அவர் குழாயைப் பார்த்தார், என் வயிற்றைப் பார்த்தார், பிறகு விசிலை ஊதிவிட்டு முன்னால் போய்விட்டார். அந்த விசிலில் ஒரு அபிப்பிராயம் இருந்தது.

விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். நாங்கள் நாலு பேர். வயது ஐம்பத்தைந்தைச் சுற்றி, இடுப்புச் சுற்றளவு அதைவிடக் குறைவில்லை. கல்லூரி விடுதியில் ஒரே அறை. அன்றிலிருந்து சேர்ந்து பயணத்திட்டம் போட்டிருக்கிறோம்: கோவா, காசி, சிம்லா, அந்தமான். எங்கேயும் போனதில்லை. ஒவ்வொரு முறையும் கடைசி நேரத்தில் ஒருவன் கழன்றுகொள்வான். பெரும்பாலும் அந்த ஒருவன் நான்தான். அந்தமானுக்கு மட்டும் மூன்று முறை கழன்றிருக்கிறேன்.

இந்த முறை கோல்ஃப். யோசனை என்னுடையது. தினமும் நாலு மைல் நடக்கவேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஓடவேண்டாம், வேர்க்கவேண்டாம், எதிராளி மேலே வந்து விழமாட்டான், பேசிக்கொண்டே நடக்கலாம், நடுநடுவே பந்து தேடுகிற சாக்கில் நிற்கலாம். எங்களை மனத்தில் வைத்தே யாரோ கண்டுபிடித்த விளையாட்டு என்று எனக்குத் தோன்றியது. மதுரையில் ஒரு டிராவல்ஸ்காரர் திட்டம் கொடுத்தார்: மதுரையிலிருந்து கொழும்பு, அங்கிருந்து மலைப்பாதை, மூன்று இரவு, இரண்டு காலை கோல்ஃப், மட்டை வாடகை உட்பட ஆளுக்கு 46,500 ரூபாய். நாலு பேர் சேர்ந்தால்தான் இந்த விலை. ஒருவர் குறைந்தாலும் திட்டமே கிடையாது. சீட்டுகளைப் பிடித்து வைத்திருப்பது இன்று, ஞாயிறு மாலை நான்கு மணி வரைக்கும்தான். அதற்குள் நாலு பேரும் ஒப்புக்கொண்டதாகத் தகவல் போகவேண்டும்.

மூன்று பேர் ஒப்புக்கொண்டாயிற்று. நாலாவது ஆள் வீரபாண்டி, சுருளிப்பட்டித் திராட்சை விவசாயி. "பாக்கலாம்" என்று சொல்லியிருந்தான். எங்கள் பக்கத்தில் "பாக்கலாம்" என்றால் என்ன அர்த்தம் என்று இதைப் படிக்கிறவர்களுக்கு நான் விளக்கவேண்டியதில்லை.

இன்னொன்று. நாங்கள் நாலு பேருமே இதுவரை கோல்ஃப் மட்டையைத் தொட்டதில்லை.

என் சட்டைப் பையில் மடித்த சீட்டு ஒன்றும் இருந்தது. அதைப் பற்றி இப்போது கேட்காதீர்கள்.

காலை 5.40, சின்னமனூர்

கர்ணன் ஜீப்போடு நின்றான். சின்னமனூரிலிருந்து மேகமலைத் தோட்டங்களுக்கு அரிசி, காய்கறி, ஆள், சில சமயம் கல்யாண மாப்பிள்ளை என்று எல்லாவற்றையும் ஏற்றுகிறவன். நாலு பேரில் அவன்தான் வேகமானவன், அதுவும் உட்கார்ந்தபடி.

"சேகரு மச்சான், மேல செல்விண்டு ஒரு தங்கச்சி இருக்கு. இப்ப தேயிலைத் தோட்டத்துல சூப்பர்வைசர். கல்யாணத்துக்கு முன்னாடி வேற மலையில ஒரு கோல்ஃப் கிரவுண்டுல ஆறு வருசம் மட்டைப் பை தூக்குச்சு. ஒரே நாள்ல கத்துக் குடுக்கறேண்டு சொல்லிருக்கு. இன்னைக்கு லீவு. தோட்டத்து ஆளுக குடியிருக்கற லயத்துக்குப் பக்கத்துல பிள்ளைக பந்து வெளாடுற கிரவுண்டு இருக்கு. மூணு மணிக்கு அவுகளுக்கு விட்டுறணும்."

காஜா மைதீன் உத்தமபாளையத்திலிருந்து வந்து இறங்கினான். தேங்காய் மண்டி வைத்திருப்பவன். தோளில் நீளமான பை, கையில் நாலடுக்குத் தூக்குச்சட்டி. அந்தப் பை, குமுளியில் ஒரு ரிசார்ட்டை இழுத்து மூடியபோது பழைய சாமான்களோடு வந்ததாம். உள்ளே ஐந்து மட்டைகள், பதினோரு பந்துகள், ஒரு குடை.

"மூவாயிரத்தி ஐநூறு கேட்டான். 'சேட்டா, கொறச்சு கொறைக்கணும்'ண்டு மலையாளத்துல ஒரு போடு போட்டேன். ரெண்டாயிரத்தி எண்ணூறுக்குக் குடுத்துட்டான். குடையைச் சும்மாவே குடுத்தான்."

"இதுல எந்த மட்டை எதுக்குடா?"

"அதெல்லாம் அவன் சொல்லல. நான் குடையைப் பத்தித்தான் கேட்டேன்."

பாண்டி கடைசியாக வந்தான். வேட்டி, சட்டை, தோல் செருப்பு. சிரிக்கவில்லை. டீக்கடையில் வடையைக்கூட வேண்டாம் என்றான். முப்பத்தைந்து வருடப் பழக்கத்தில் அவன் வடையை மறுத்து நான் பார்த்ததில்லை.

காலை 6.20, தென்பழனிச் சோதனைச் சாவடி

மலையடிவாரம். ஆறு மணிக்குத்தான் கதவு திறக்கிறார்கள். மாலை ஆறு மணிக்குள் இறங்கிவிடவேண்டும். வனக்காவலர் வண்டி எண்ணை எழுதிக்கொண்டு, நீளப் பையைத் தட்டிப் பார்த்தார்.

"என்ன இது? துப்பாக்கியா?"

"கோல்ஃப் மட்டை சார்" என்றேன்.

"யாரு வெளாடுவா?"

நாலு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். காஜாதான் சமாளித்தான். "நாங்க தூக்கிட்டுப் போறோம் சார். வெளாடுறவுக மேல இருக்காக."

நம்பிவிட்டார். எங்களைப் பார்த்தால் எதையாவது தூக்கிக்கொண்டு போகிறவர்கள் மாதிரிதான் தெரிகிறது போலும்.

காலை 6.40, கொண்டை ஊசி வளைவுகள்

மேகமலைப் பாதையில் பதினெட்டுக் கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றுக்கும் ஒரு பூவின் பெயர் வைத்துப் பலகை நட்டிருக்கிறார்கள். கோல்ஃபிலும் பதினெட்டுக் குழி என்று நான் சொன்னதுதான் தாமதம், கர்ணனுக்கு உற்சாகம் தாங்கவில்லை. "மொதக் குழி!" என்று கூவிக்கொண்டு வண்டியைத் திருப்பினான். "ரெண்டாங் குழி!" அவன் ஸ்டியரிங்கை ஒடிக்க ஒடிக்கக் காஜாவும் தூக்குச்சட்டியும் என் மேல் சாய்ந்தார்கள். தூக்குச்சட்டியில் நெய்ச்சோறும் தால்ச்சாவும் என்று வாசனையே சொல்லிவிட்டது.

கீழே பள்ளத்தாக்கு விழித்துக்கொண்டிருந்தது. நெல்வயல், தென்னை, வாழை, அதற்கப்பால் பந்தல் பந்தலாகத் திராட்சை. காற்று ஒவ்வொரு வளைவிலும் ஒரு டிகிரி குளிர்ந்தது. எனக்கு உள்ளுக்குள் ஒரே குதியாட்டம். நுவரெலியாவிலும் இதே மாதிரி வளைந்து ஏறவேண்டுமாம். அங்கேயும் தேயிலை, அங்கேயும் மூடுபனி. "இதே மாதிரி இருக்கறதைப் பாக்கவாடா நாப்பத்தாறாயிரம்?" என்று கர்ணன் கேட்டான். "இங்க கடல் தாண்டி வரலையேடா" என்றேன். நியாயமான பதிலாகத்தான் பட்டது.

பதினோராவது வளைவில் பாண்டி வாயைத் திறந்தான்.

"ஏலே, நான் வரலப்பா. நீங்க வேற ஆளப் பாருங்க. நேருல சொல்லணும்ண்டுதான் வந்தேன்."

கர்ணன் பன்னிரண்டாம் குழியைக் கூவவில்லை.

"ஏன் மாப்ளே? அறுவடையா?" என்றான் காஜா.

"மகன் பாத்துக்கிருவான்."

"வீட்டுல தங்கச்சி வேணாம்ண்டுச்சா?"

"அவதான் பெட்டியே வாங்கி வச்சுட்டா."

"அப்புறம் என்னடா?"

"வரலண்டா வரலதான்."

பாண்டி ஐம்பத்தாறு வயதில் முதன்முதலாக பாஸ்போர்ட் எடுத்தவன். விசாரிக்க வந்த போலீஸ்காரர் எதற்காக வெளிநாடு என்று கேட்டதற்கு, "புல்லு பாக்க" என்று சொல்லிப் பெருமையாக எங்களுக்குப் போன் செய்தவன். அவன் இப்படி ஒரேயடியாகச் சொல்வான் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை.

இப்போது அந்தச் சீட்டைப் பற்றிச் சொல்லியாகவேண்டும். எனக்கு விமானம் என்றால் பயம். கோவா, காசி, அந்தமான் எல்லாம் கவிழ்ந்ததற்கு அதுதான் காரணம். வெளியில் சொன்ன காரணங்கள் வேறு. போன வாரம் தெரிந்த டாக்டர் ஒருவரிடம் கெஞ்சி, "காது அடைப்பு, விமானப் பயணம் தவிர்க்கவும்" என்று எழுதி வாங்கி வைத்திருந்தேன். திட்டம் போட்டவனும் நான், அதைக் கவிழ்க்கச் சீட்டு வாங்கியவனும் நான். பாண்டி வரவில்லை என்று சொன்ன நொடியில் என் நெஞ்சில் ஜில்லென்று ஒரு நிம்மதி இறங்கியது. பழி அவன் மேல் விழுந்துவிடும், என் சீட்டு பையிலேயே மடிந்து கிடக்கலாம். அடுத்த வளைவில் அந்த நிம்மதியை நினைத்து வெட்கமாக இருந்தது. ஆனாலும் நான் வாயைத் திறக்கவில்லை.

காலை 9.05, மேகமலை

செல்விக்கு நாற்பது வயது இருக்கும். தலையில் துண்டு, காலில் ரப்பர் செருப்பு, குரலில் தோட்டத்து முப்பது பேரை மேய்க்கிற அதிகாரம். நாங்கள் இறங்குவதை வரிசையாகப் பார்த்தாள்.

"நாலு பேருண்டு சொன்னாக. வெளாடப் போறவுக எங்க?"

"நாங்கதாம்மா."

"அப்படியா?" என்றவள் வேறு எதுவும் சொல்லவில்லை. நல்ல மனது.

மைதானம் ஒரு பக்கம் சரிந்த பச்சை. மூன்று பக்கம் தேயிலை, ஒரு பக்கம் லயத்து வீடுகள். ஒரு மூலையில் மாடுகள் ஒட்ட மேய்ந்து மழித்துவைத்த புல். நான் குழாயை வெளியே எடுத்தேன்.

"இது எதுக்குண்ணே?"

"குழி. கோல்ஃப் குழி நாலேகால் இன்ச்சாம். என்கிட்ட நாலு இன்ச் குழாய்தான் ஸ்டாக் இருந்துச்சு."

அவள் அதைக் கையில் வாங்கிச் சுற்றிப் பார்த்தாள். "ஆறு வருசத்துல ஐ.எஸ்.ஐ. முத்திரை போட்ட குழியை நான் பாத்ததில்ல" என்றாள். பிறகு கடப்பாரையால் மாடு மேய்ந்த மூலையில் அதைத் தரைமட்டமாக இறக்கினாள். குடையை மடக்கிப் பக்கத்தில் குத்தினாள், கொடிக்குப் பதிலாக.

பாண்டி ஓரத்தில் ஒரு கல்லின் மேல் உட்கார்ந்துவிட்டான், பெண் பார்க்க வந்த இடத்தில் பிடிக்காமல் போன மாப்பிள்ளை மாதிரி.

காலை 9.45, முதல் அடி

முதலில் நான். இரண்டு கையையும் எப்படிப் பிடிப்பது, முட்டியை எவ்வளவு மடக்குவது, கண் எங்கே இருக்கவேண்டும் என்று செல்வி பத்து நிமிடம் சொன்னாள். எல்லாம் புரிந்தது. மட்டையை ஓங்கியதும் எல்லாம் மறந்துபோனது. முழுப் பலத்தோடு இறக்கினேன்.

ஏதோ பறந்தது. நாலு தென்னை உயரம். காஜா கைதட்டினான். "போகுது மாப்ளே, போகுது!"

கீழே பார்த்தால் பந்து இருந்த இடத்திலேயே இருக்கிறது. பறந்தது சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு ஒரு புல்கட்டி. அது தேயிலைச் செடி ஓரத்தில் போய் விழுந்தது.

இரண்டாவது அடியில் இன்னொரு கட்டி. காஜா வந்தான், மட்டை பந்தின் மேலே போனது, அவன் மட்டைக்குப் பின்னால் போய் உட்கார்ந்தான். கர்ணன் முதல் அடியிலேயே பந்தை நேராக லயத்துக் கூரைக்கு அனுப்பினான். உள்ளேயிருந்து ஒரு அம்மா, "யாருடா அது ஞாயித்துக்கெழமையுமா?" என்று கத்தியது எங்களுக்குக் கிடைத்த முதல் விமர்சனம்.

அரை மணி நேரத்தில் மைதானம் காட்டுப்பன்றி கிளறிய காடு மாதிரி ஆகிவிட்டது. பாண்டியால் அதற்கு மேல் உட்கார முடியவில்லை.

"ஏலே, வெளாடுறீகளா, உழுவுறீகளா? வேரோட பேத்துட்டீகளேடா."

எழுந்து போய், பறந்த கட்டிகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கினான். எந்தக் கட்டி எந்தப் பள்ளத்துக்கு என்று திருப்பித் திருப்பி வைத்துப் பார்த்தான். பொருந்தியதும் விளிம்பைக் கட்டைவிரலால் அமுக்கி, குதிகாலால் மிதித்துவிட்டு, காஜா கையிலிருந்த குடிதண்ணீர் பாட்டிலைக் கேட்காமல் பிடுங்கி ஊற்றினான்.

"மாப்ளே, அது நான் குடிக்கறது."

"நீ ஒரு மணி நேரம் தாங்குவே. இது தாங்காது."

செல்வி இடுப்பில் கையை வைத்துக்கொண்டு பார்த்தபடி நின்றாள்.

"அண்ணே, நீங்க எந்த கிரவுண்டுல வெளாண்டீக?"

"நான் வெளாண்டதில்லம்மா. திராட்சைத் தோட்டக்காரன்."

"அங்க இந்த வேலைக்குத்தாண்ணே எங்களை வச்சிருந்தாக. வெளாடுறவுக பேத்துப் போட்டுட்டு முன்னால போயிருவாக, நாங்க பின்னாலயே ஒட்டிக்கிட்டுப் போவோம். பேத்ததைத் தானே எடுத்து வைக்கணுங்கறதுதான் அந்த ஆட்டத்துல மொத மரியாதை. பத்துக்கு ஒருத்தர்கூட வைக்க மாட்டாக." எங்கள் மூன்று பேரையும் பார்த்தாள். "இன்னைக்கும் அதே கணக்குத்தான்."

நாங்கள் மூவரும் அவசரமாகப் பள்ளங்களைத் தேடினோம். எல்லாம் மூடியாகிவிட்டது. பாண்டி மறுபடி போய்க் கல்லின் மேல் உட்கார்ந்தான். ஆனால் இந்த முறை முகம் மைதானத்தைப் பார்த்து இருந்தது.

மதியம் 12.30, நெய்ச்சோறு

சில்வர் ஓக் மரத்து நிழலில் தூக்குச்சட்டி திறந்தது. தால்ச்சாவில் கத்தரிக்காயும் மாங்காயும் எலும்பும் நீச்சல் அடித்தன. செல்வி சுடச்சுட டீ கொண்டுவந்தாள். காஜா இரண்டாவது முறை பரிமாறிக்கொண்டே கேட்டான்.

"இப்பச் சொல்லு பாண்டி. சோத்துல கைய வச்சுக்கிட்டுப் பொய் சொல்லக் கூடாது. ஏன் வரல?"

பாண்டி சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னான்.

"ரெண்டு வருசத்துக்கு முன்னாடி மதுரையில பெரிய ஓட்டல்ல திராட்சை ஏத்துமதிக் கூட்டம்ண்டு கூப்பிட்டாக. போனேன். வாசல்லயே கம்பளம் விரிச்சிருந்தாக, கால வச்சா பொதுக்குண்டு உள்ள போகுது. அம்புட்டுச் சுத்தமா இருக்கேண்டு செருப்பக் கழத்தி ஓரமா விட்டுட்டுப் போனேன். உள்ள இருநூறு பேரும் பூட்ஸு. ஒருத்தரும் ஒண்ணும் சொல்லல. ஆனா பாத்தாக. என் காலையே பாத்தாக. திரும்பி வந்தா செருப்பக் காணோம். கூட்டிப் பெருக்குறவுக எடுத்துப் போட்டுட்டாக. வெறுங்காலோட பஸ் ஏறி சுருளிப்பட்டி வந்தேன். வீட்டுல, செருப்பு அந்துபோச்சுண்டு சொல்லிட்டேன்."

யாரும் சிரிக்கவில்லை. காஜா அவனுக்கு இன்னொரு கரண்டி தால்ச்சா ஊற்றினான்.

"அங்கன போனாலும் நான் அப்படித்தாண்டா ஏதாச்சும் பண்ணுவேன். நாலு பேரு பாப்பாக. உங்களுக்கும் சேத்துத்தான் கேவலம்."

செல்வி டீ தம்ளர்களை எடுத்துக்கொண்டே இதைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

மதியம் 1.30, குடைக்குப் பக்கத்தில்

மாடு மேய்ந்த மூலையில் பந்தை உருட்டிக் குழியில் விடவேண்டும். தூரம் பன்னிரண்டு அடி. ஒரு வயதுக் குழந்தைகூடச் செய்துவிடும் என்று தோன்றும். நான் ஏழு முறை உருட்டினேன். பந்து குழாயைச் சுற்றி வந்து வேறு பக்கம் பார்த்து நின்றது, வீட்டுக்கு வந்த கடன்காரனைப் பார்த்த மாதிரி.

"ஆளுக்கு எத்தனைண்டு எழுதணும். பேப்பர் இருக்கா?" என்றாள் செல்வி.

எனக்கு முன்னால் காஜாவின் கை என் சட்டைப் பைக்குள் போய்விட்டது. அந்தச் சீட்டு வெளியே வந்தது. நல்லவேளை, எழுதாத பக்கம் மேலே இருந்தது. செல்வி வாங்கி எழுதினாள்: சேகர் ஏழு. என் காது அடைப்பின் முதுகில்.

காஜா ஒன்பது. கர்ணன் ஐந்து.

"திராட்சைக்காரண்ணே, நீங்களும் ஒண்ணு போடுங்க. வராட்டியும் பரவால்ல, வந்ததுக்கு ஒண்ணு."

பாண்டி எழுந்து வந்தான். அந்த ஒட்ட மழித்த புல்லின் விளிம்புக்கு வந்ததும் அவன் கால்கள் தானாக நின்றன. செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டான். ஒரு அடி உள்ளே வைத்தான். அப்புறம்தான் தான் செய்ததை உணர்ந்தான். முகம் சுண்டிப்போயிற்று. திரும்பிச் செருப்பைப் போட்டுக்கொள்ளக் குனிந்தான்.

"போடாதீக" என்றாள் செல்வி.

தன் ரப்பர் செருப்பைக் கழற்றி அவன் செருப்புக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு அவளும் உள்ளே வந்தாள்.

"நானும் இப்படித்தாண்ணே. ஆளுக இல்லாதப்ப வெறுங்காலோட நடந்து பாத்து வச்சுக்கிருவேன். எந்தப் பக்கம் சரிவுண்டு கண்ணுக்குத் தெரியாதது காலுக்குத் தெரியும். ஆட வந்தவுக 'எந்தப் பக்கம் போகும் செல்வி?'ண்டு என்கிட்டத்தான் கேப்பாக. எப்படித் தெரியும்ண்டு நான் சொன்னதே இல்ல. இப்ப உங்ககிட்டத்தான் சொல்றேன். நடந்து பாருங்க."

பாண்டி நடந்தான். குழிவரைக்கும் போனான், சுற்றினான், திரும்பினான். நடையில் ஒரு மாற்றம் தெரிந்தது. வாய்க்காலில் தண்ணீர் வெட்டிவிடும்போது அவன் நடக்கிற நடை அது.

"இங்கன தண்ணி விட்டா நேரா போகாது. பாதி தூரம் போயி எடப்பக்கமா சாயும். இந்தா, இந்தக் கல்லு வரைக்கும் போயி அப்புறம் இறங்கும்."

"அப்ப பந்தையும் தண்ணிண்டு நெனச்சு விடுங்க."

அவன் மட்டையைப் பிடித்த விதம் மண்வெட்டியைப் பிடித்த விதம்தான். குழியைப் பார்க்காமல் வலப்பக்கம் இரண்டடி தள்ளிப் பார்த்தான். மெல்லத் தட்டினான். பந்து தப்பான திசையில் போயிற்று. காஜா "அடடா" என்று தொடங்கினான். பாதி தூரத்தில் பந்து யோசித்தது. இடப்பக்கம் சாய்ந்தது. கல்லைத் தாண்டியது. என் ஐ.எஸ்.ஐ. முத்திரைக் குழாய்க்குள் டொக்கென்று விழுந்தது.

நாலு கிழவர்கள் அந்த மலையில் போட்ட கூச்சலுக்கு லயத்துப் பிள்ளைகள் எல்லாம் ஓடிவந்துவிட்டார்கள். பாண்டி மட்டும் குழாய்க்குள் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான், உண்மையிலேயே உள்ளேதான் இருக்கிறதா என்று. செல்வி எழுதினாள்: பாண்டி அண்ணன் ஒன்று.

"ஏலே சேகரு, மணி என்ன?" என்றான் பாண்டி.

"ரெண்டே கால்."

"அந்த மதுரைக்காரருக்கு நாலு மணிக்குள்ள சொல்லணும்ண்டு சொன்னேல்ல? நானும் வரேண்டு சொல்லிரு."

போனை எடுத்தேன். மேகமலையில் என் போனுக்கு ஒரு கோடுகூட இல்லை.

மதியம் 2.35, இறக்கம்

செல்விக்கு என்ன கொடுப்பது என்று தயங்கினோம். காசை வாங்க மறுத்துவிட்டாள். மட்டைப் பையையும் பந்துகளையும் பிள்ளைகளுக்கு விட்டுவிட்டுப் போகச் சொன்னாள், பாண்டி உருட்டிய மட்டையையும் ஒரு பந்தையும் மட்டும் வைத்துக்கொண்டு விட்டோம். குடை தனக்கு என்று காஜா எடுத்துக்கொண்டான். குழாயைப் பாண்டி தோண்டி எடுத்து, பள்ளத்தை மூடி, புல்லைப் பொருத்தி, மிதித்துவிட்டுத்தான் ஜீப்பில் ஏறினான்.

"பத்து நாள்ல ஒட்டிக்கிரும்ணே" என்றாள் செல்வி. "வெளிநாடு போயி வெறுங்காலோட நடக்க யோசிக்காதீக. யாராச்சும் கேட்டா, எங்க ஊருல பெரிய ஆட்டக்காரவுக அப்படித்தாண்டு சொல்லுங்க."

கர்ணன் சொன்னான்: ஆறாவது வளைவுக்குக் கீழே போனால் சிக்னல் கிடைக்கும். பதினெட்டு, பதினேழு என்று தலைகீழாகக் குழிகளை எண்ணிக்கொண்டு இறங்கினான். எட்டாவது வளைவில் ஜீப் நின்றது. சாலை நடுவே ஒரு காட்டுமாடு. நாலு காலிலும் வெள்ளைக் காலுறை, ஜீப்பைவிட அகலமான நெஞ்சு. எங்களைப் பார்த்து அசைபோட்டது. மணி 3.20.

"ஹாரன் அடிக்கலாமா?" என்று கிசுகிசுத்தேன்.

"அடிச்சா, அப்புறம் நுவரெலியாவுக்கு அது போகும், நாம போகமாட்டோம்" என்றான் கர்ணன்.

3.30. 3.38. காட்டுமாடு படுத்துவிடலாமா என்று யோசிப்பது போலத் தெரிந்தது. காஜா ஏதோ ஓதிக்கொண்டிருந்தான். 3.41-க்கு அது நிதானமாகத் திரும்பி, பெருந்தன்மையோடு காட்டுக்குள் இறங்கியது.

மதியம் 3.49, ஆறாவது வளைவுக்குக் கீழே

சிக்னல். ஒன்றல்ல, இரண்டு கோடு. போன் வரிசையாகக் கிணுகிணுத்தது. கடைசிச் செய்தி டிராவல்ஸ்காரருடையது: "சார், நாலு பேரா? சரி என்று ஒரு வார்த்தை போதும்."

அந்த நேரம் பார்த்துக் காஜா, யார் எத்தனை என்று இன்னொரு தடவை ரசிக்க, செல்வியிடமிருந்து வாங்கி வைத்திருந்த சீட்டை எடுத்தான். திருப்பினான். படித்தான்.

"சேகரு. இது என்னடா? காது அடைப்பு, விமானப் பயணம் தவிர்க்கவும். போன புதன்கிழமை."

ஜீப்புக்குள் மூன்று ஜோடிக் கண்கள் என்னைப் பார்த்தன. என் காது உண்மையாகவே அடைத்துக்கொண்டது. கோவா, காசி, அந்தமான் எல்லாவற்றையும் சொன்னேன். காலையில் பாண்டி வரவில்லை என்றதும் எனக்கு நிம்மதியாக இருந்ததையும் சொன்னேன்.

பாண்டி என்னை நெடுநேரம் பார்த்தான். நெடுநேரம் என்றால், 3.51 வரை.

"ஏலே, அப்ப நீயும் பயந்துக்கிட்டுத்தான் இருந்தியா?"

"ஆமாடா."

"இத மொதல்லயே சொல்லிருந்தா நான் நேத்தே சரிண்டு சொல்லிருப்பேனேடா! நான் ஒருத்தன்தான் பயந்தாங்கொள்ளிண்டு நெனச்சு ரெண்டு நாளா சோறு எறங்கல. வடையக்கூட வேணாம்ண்டேன்."

போனை என் கையிலிருந்து வாங்கினான். ஒரு விரலால், திராட்சைக் கொடியில் பிஞ்சு கிள்ளுகிற நிதானத்தோடு, "சரி" என்று அடித்தான். அனுப்பினான்.

"காதுல பஞ்ச வச்சுக்க. கைய நான் பிடிச்சுக்கிறேன்."

மாலை 5.10, சின்னமனூர்

அதே டீக்கடை. பாண்டி காலையில் விட்ட வடைக்கும் சேர்த்து நாலு வடை தின்றான். மதுரையிலிருந்து பதில் வந்துவிட்டது: நாலு சீட்டு உறுதி, புறப்பாடு மூன்று வாரம் கழித்து. நானும் காஜாவும் கர்ணனும் கைகுலுக்கிக் கொண்டாடியதைப் பார்த்து, பக்கத்து மேசைக்காரர் "பையனுக்கு வேலை கிடைச்சிருச்சா?" என்று கேட்டார்.

வழியெல்லாம் கீழே பள்ளத்தாக்கைப் பார்த்துக்கொண்டே வந்தேன். மேகமலையும் நுவரெலியாவும் ஒரே மாதிரி இருக்கும் என்று எல்லோரும் சொல்கிறார்கள். இருக்கட்டும். அங்கே நாங்கள் நாலு பேரும் ஒரே நேரத்தில் இருப்போம். அந்த ஒன்று மட்டும் நாங்கள் திட்டம் போட்ட எந்த ஊரிலும் இதுவரை நடக்காதது.

மாலை 6.50, தேனி

வீட்டுக்கு வந்து கால் கழுவும்போதுதான், ஜீப்பில் குழாயை மறந்துவிட்டு வந்தது நினைவுக்கு வந்தது. கர்ணனுக்குப் போன் போட்டேன். வண்டியில் இல்லை என்றான்.

கொஞ்ச நேரத்தில் பாண்டியிடமிருந்து ஒரு படம் வந்தது. சுருளிப்பட்டி, அவன் திராட்சைப் பந்தலுக்குப் பக்கத்தில், மாடு மேயும் வரப்போரம், டார்ச் வெளிச்சத்தில். என் நாலு இன்ச் குழாய் தரைமட்டமாகப் புதைந்திருந்தது. பக்கத்தில் கொடியாக ஒரு பழைய பந்தல் கம்பு. கீழே ஒரு வரி எழுதியிருந்தான்.

"நாளை காலை ஆறு மணிக்கு மூணு பேரும் வந்து சேருங்க. செருப்ப வீட்டுலயே விட்டுட்டு வாங்க."